கேமரா சாட்டும் குற்றமும் உரிமையாளர் சொல்லும் பதிலும்

பெங்களூருவின் 50 சந்திப்புகளில் வாகன எண்ணைத் தானே படிக்கும் 250 கேமராக்களும் சிவப்பு விளக்கைத் தாண்டுவோரைப் பதிவுசெய்யும் 80 கேமராக்களும் 2022 டிசம்பரில் செயல்படத் தொடங்கியபின், காவலர் சாலையோரத்தில் நிறுத்தி எழுதித்தந்த அபராதச் சீட்டின் இடத்தைக் கைப்பேசிக்கு வரும் இ-சலான், அதாவது மின்னணு அபராத அறிவிப்பு, பெருமளவு பிடித்துக்கொண்டது. காவலரிடம் நின்ற இடத்திலேயே சொல்லக்கூடிய விளக்கத்தைக் கேமராவிடம் சொல்ல வழியில்லாததால், பதில் சொல்வது ஆவணங்களைத் திரட்டிச் செய்யும் வேலையாகிவிட்டது.

சலான் ஒரு குற்றச்சாட்டே தவிரத் தீர்ப்பு அன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவு, சில குற்றங்களை நீதிமன்றம் செல்லாமலே குறித்த தொகையைச் செலுத்தி முடித்துக்கொள்ள இடமளிக்கிறது. இணக்கத் தீர்வு எனப்படும் இம்முறையில் பணம் கட்டியதும் வழக்கு முடிந்துவிடுவதால், மறுக்க நினைப்பவர் கட்டுவதற்கு முன்பே மறுத்தாக வேண்டும். நிலுவை அபராதங்களுக்கு 2023 பிப்ரவரியில் 50 விழுக்காடு தள்ளுபடி தரப்பட்டபோது 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. 2025 ஆகஸ்டிலும் அதே சலுகை வந்தது. ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பதுபோல் அபராதத்துக்கும் காத்திருக்கும் வழக்கத்தை இது வளர்த்ததோடு, சலான் சரிதானா என்று பார்க்கும் அக்கறையையும் மங்கச் செய்தது என்றே கருத வேண்டியுள்ளது.

முதலில் பார்க்க வேண்டியது படத்தை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி, கேமரா வழி அறிவிப்பில் குற்றமும் எண் பலகையும் தெளிவாகத் தெரியும் படத்துடன் நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவையும் இருக்க வேண்டும்; அறிவிப்பு 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். எழுத்தொன்று தவறாகப் படிக்கப்பட்டாலோ, வேறொருவர் அதே எண்ணைப் போலிப் பலகையில் மாட்டித் திரிந்தாலோ, படத்திலுள்ள வண்டியின் நிறமும் மாடலும் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் உள்ளவற்றோடு பொருந்தாமற் போகலாம். அப்போது ஆர்.சி. நகல், வண்டியின் படங்கள், அந்த நேரத்தில் அது வேறிடத்தில் இருந்ததைக் காட்டும் சர்வீஸ் ரசீது அல்லது ஃபாஸ்டேக் பதிவு ஆகியவற்றை இணைத்துப் போக்குவரத்துக் காவல் துறையிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும்.

விற்றுவிட்ட வண்டியின் நிலை சிக்கலானது. பெயர் மாற்றம் முடியாதவரை சலான் பழைய உரிமையாளரையே தேடி வருகிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. வாங்கியவர் கையெழுத்திட்ட டெலிவரி நோட் விற்பனைக்குச் சான்றாகலாமே ஒழிய, அதனால் மட்டும் பதிவேட்டில் பெயர் மாறிவிடாது. மேலும், குற்றம் நடந்தபோது வண்டியை ஓட்டியவர் யார் என்று காவல் துறை கேட்டால் விவரம் தரும் கடமையை 133ஆம் பிரிவு உரிமையாளர்மீதே சுமத்துகிறது.

காவல் துறை முறையீட்டை ஏற்காவிட்டால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். குற்றத்தை ஒப்புக்கொள்பவர், அழைப்பாணை அனுமதிக்கும் வழக்குகளில், 208ஆம் பிரிவின்படி பதிவுத் தபாலிலேயே அதைத் தெரிவித்துத் தொகையை அனுப்பலாம். மறுப்பவர் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ நடுவர்முன் தம் சான்றுகளை வைக்கலாம்.