கறிவேப்பிலைக்கு ஒரு கொட்டில்

ஊரில் கறிவேப்பிலைக்கு யாரும் வீடு கட்டியதில்லை. கிணற்றடியில் தானாக முளைத்து, அயலாருக்கும் கொடுத்து மிஞ்சும். வெஸ்ட்மீட்டுக்கு வந்த முதல் வருடம் நாமும் அதே எண்ணத்தில் ஒரு கன்றை வாங்கிப் பின்வளவில் வைத்தோம். யூலை முடியுமுன் இலையெல்லாம் கொட்டி வெறும் தடியாக நின்றது. அம்மா அதன்மேல் இரக்கப்பட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினா. வேர் அழுகிக் கன்று செத்தது.

பிழை எம்முடையதுதான். யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே யூலை இரவுகளில் 6 பாகை அளவுக்கு வந்துவிடும். அந்தக் குளிரில் கறிவேப்பிலை உறங்கும். அப்போது மண் காய்ந்த பின்பு சிறிது தண்ணீர் போதும். அடுத்தது திசை. ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாயும். சிட்னியில் மத்தியான வெயில் எப்போதும் வடக்கே. நாம் கன்றை வைத்தது வீட்டின் தெற்குச் சுவரோரம். குளிர்காலம் முழுவதும் அங்கே நிழல்தான்.

அடுத்த வருடம் நாமே ஒரு கிரீன்ஹவுஸ் அமைத்தோம். நீளம் 2.4 மீற்றர், அகலம் 1.8 மீற்றர். நீளப் பக்கம் வடக்கைப் பார்க்கவேண்டும். சட்டத்துக்கு ட்ரீட்டட் பைன் மரம். அதன் சில வகைகளில் ஆர்செனிக் உண்டு. மிஞ்சிய துண்டுகளை பார்பிகியூவில் எரிக்கவே கூடாது. கூரைக்கும் சுவருக்கும் ஒளி புகும் பொலிகாபனேட் தகடு. வெயிலைத் தாங்கும் பக்கம் தகட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அது வெளியே இருக்கவேண்டும். வெப்பத்தில் தகடு விரியும் என்பதால் திருகாணியைவிடச் சற்றுப் பெரிய துளை இடுங்கள். கூரைக்குச் சரிவு வேண்டும். காற்றுக்குத் தூக்கிப் போகாமல் நான்கு மூலையிலும் முளை அடித்துக் கட்டுங்கள்.

உள்ளே பின்சுவரோரம் கறுப்பு மை பூசிய தண்ணீர் வாளிகளை வையுங்கள். பகலில் வாங்கும் சூட்டை அவை இரவில் மெல்ல விடும். குளிர்காலமானாலும் வெயில் ஏறியதும் கதவைத் திறக்கவேண்டும். இல்லையேல் செடி வெந்துவிடும். மாலை 4 மணிக்கு மூடுங்கள். கோடையில் முன்தகடுகளைக் கழற்றி நிழல்வலை கட்டுங்கள்.

இன்னும் சில கவனங்கள். கடைப் பசளை மண்ணில் லெஜியனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். பையைக் காற்றோட்டமான இடத்தில் பிரித்து, மண்ணை நனைத்து, முகமூடியும் கையுறையும் அணிந்து வேலைசெய்யுங்கள். ஊரிலிருந்து கன்றோ விதையோ பெட்டியில் கொண்டுவராதீர்கள். கறிவேப்பிலையில் வாழும் ஒரு சிறு பூச்சி தோடை, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும்; அந்த நோய் அவுஸ்திரேலியாவில் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் குடியிருப்புப் பகுதிகளில் 20 சதுர மீற்றர் பரப்புக்கும் 3 மீற்றர் உயரத்துக்கும் மேற்படாமல், எல்லையிலிருந்து 900 மில்லிமீற்றர் தள்ளி அமைத்தால் பொதுவாக அனுமதி தேவையில்லை. ஆயினும் கவுன்சிலில் ஒருமுறை கேளுங்கள். வெஸ்ட்மீட்டில் சில தெருக்கள் பரமட்டாவுக்கும் சில கம்பர்லாந்துக்கும் உரியவை.

"வாடகை வீட்டில் எதற்கு இந்த வேலை?" என்று பலர் கேட்டார்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். ஆணி ஒன்றும் அடிக்கவில்லை, எல்லாம் திருகாணி. செடிகள் யாவும் சாடியில். இரண்டு வருடத்தில் அந்த வீடு விற்கப்பட்டபோது ஒரு சனிக்கிழமைக்குள் கொட்டிலைக் கழற்றி, வானில் ஏற்றி, அடுத்த தெருவில் பூட்டினோம். கறிவேப்பிலைச் சாடியை அம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தா. ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று வளவில் நின்ற எதையும் எம்மால் கொண்டுவர முடியவில்லை.

இப்போது அதன் அடியில் பக்கக் கன்றுகள் வந்திருக்கின்றன. புதிதாக வந்த குடும்பங்கள் அயலில் யாரிடமாவது இப்படி ஒரு கன்று கேட்டு வாங்குங்கள். கொட்டிலை மட்டும் குளிர் தொடங்குமுன், சித்திரைக்குள் கட்டிவிடுங்கள்.