கொல்லையிலே ஒரு மூலிகைப் பாத்தி

தம்பதிகளே! சளி, இருமல் என்று வந்தால் கைக்கெட்டும் தூரத்திலே நாலு பச்சிலை இருப்பது நல்லதுதான். அதற்குப் பத்தடிக்கு ஆறடி இடம் போதும்.

நம் புதுக்கோட்டைச் சீமையிலே செடிக்கு முதல் பகை ஆடு. அதனாலே வேலியோரம் ஆடாதோடையும் நொச்சியும் போத்து வெட்டி நடுங்கள். ஆடு தொடாத செடி என்பதாலேதான் ஆடாதோடைக்கு அந்தப் பேர் என்பார்கள். உள்ளே துளசி, தூதுவளை, ஓமவல்லி. ஓமவல்லியைக் கிளை ஒடித்து ஊன்றினாலே வேர் விடும். தூதுவளை ஏறிப்படர ஒரு கொம்பு வேண்டும். செம்மண்ணும் சரளையும் ஈரம் தாங்காது. மட்கிய சாண எரு கலந்து, மேலே சருகு பரப்புங்கள். ஐப்பசி மழைக்கு முன்னாடி நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். குளித்த தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் பாயட்டும்; பச்சையாக வாயில் போடும் இலைகளுக்கு அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை விடுங்கள். பழைய டயரில், பானையில் வைப்பவர்கள் அடியில் ஓட்டை போடவும். தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும்.

முருங்கை இல்லாத கொல்லை என்ன கொல்லை? 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்திலே தென்னையையும் பலாவையும் சாய்த்தது. சாய்ந்த தென்னை போனது போனதுதான். முருங்கையும் காற்றில் சட்டென்று முறியும். ஆனால் முறிந்த கொம்பை நட்டால் துளிர்த்துவிடும். கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

இனி வருவதைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே படியுங்கள். கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கவே கூடாது. அது கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும். முருங்கைக்கீரைதான் தின்கிறோமே என்று இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். நர்ஸ் அம்மா தருவதைத் தினம் ஒன்று வீதம் 180 நாளும் சாப்பிட வேண்டும். பிறந்த குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. துளசிச் சாறு, உரைத்த வசம்பு எதுவும் நாக்கில் தடவக் கூடாது. பெரியவர்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள்; அவர்கள் மனசு கோணாமல் எடுத்துச் சொல்வது கணவனின் பொறுப்பு. மருமகள் சொன்னால் அது சண்டையாகிவிடும்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தூதுவளையை நம்பி உட்கார வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.