ஆளில்லாத அணிக்கு ஒரு பயிற்சியாளர்

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் மகள் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் சேரப்போகிறாள். அங்கே புதிதாகப் பெண்கள் கால்பந்து அணி தொடங்குகிறார்களாம். முதல் ஆட்டம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான். ஆனால் தலைமைப் பயிற்சியாளரை இப்போதே நியமித்துவிட்டார்கள். “ஆட ஆளே இல்லாதபோது அந்த அம்மா ஓராண்டு முழுக்க என்ன செய்வார்?” என்று கேட்கிறார்.

வேலை மலைபோலக் கிடக்கும். ஒவ்வொரு வார இறுதியிலும் ஏதாவது ஓர் ஊரில் பள்ளிப் பிள்ளைகளின் போட்டி நடக்கும். மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆள் தேட வேண்டும். பிடித்த ஆட்டக்காரியிடம் உடனே போய்ப் பேசிவிடவும் முடியாது. பெரிய கல்லூரிகள் ஆடும் முதல் பிரிவில், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன்னால் மாணவியிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் விதி. இதற்கிடையில் எதிரணிகளைப் பேசிப் பிடித்து ஆட்ட அட்டவணை போட வேண்டும். உடை, உடைமாற்றும் அறை, பேருந்து எல்லாம் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், தனக்கு உதவியாக வரப்போகிறவர்களைத் தேர்ந்தெடுப்பது. உதவிப் பயிற்சியாளர்கள், கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சியாளர், உடல்வலுப் பயிற்சியாளர், காயம் பார்க்கும் டிரெய்னர் என்று ஒரு குழு சேர்ந்த பிறகுதான் அணி என்று ஒன்று உண்டாகிறது.

இப்படிப் புதிதாகத் தொடங்கிய அணிகளில் என்னை விடாமல் ஈர்ப்பது வட கரோலினா பல்கலைக்கழகத்தின் அணி. சேப்பல் ஹில் என்ற ஊரில் 1979-ல் தொடங்கியது. பொழுதுபோக்கு மன்றமாக ஆடிக்கொண்டிருந்த மாணவிகள் தங்களை முறையான கல்லூரி அணியாக ஏற்கச் சொல்லிக் கேட்டார்கள். ஆண்கள் அணிக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த ஆன்சன் டோரன்ஸ் பெண்கள் அணிக்கும் பொறுப்பேற்றார். பம்பாயில் 1951-ல் பிறந்தவர் அவர். தந்தை எண்ணெய் நிறுவன அதிகாரி என்பதால் நாடு நாடாகப் போய் வளர்ந்தார். 1988 வரை இரண்டு அணிகளையும் சேர்த்தே நடத்தினார்.

ஆள் பற்றாத அந்தக் காலத்தில் அவர் கொண்டுவந்த ஒரு முறையைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அதே பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித் என்ற புகழ்பெற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். அவருடைய பயிற்சியைப் போய்ப் பார்த்தபோது டோரன்ஸின் கண்ணில் பட்டவர்கள், ஓரத்தில் அட்டையும் பேனாவுமாக நின்று நடப்பதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்த மாணவ உதவியாளர்கள். அதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். ஒருத்திக்கு ஒருத்தி மோதும் ஆட்டம், ஓட்டம், தலையால் முட்டுவது, கோலடிப்பது என எதைச் செய்தாலும் யார் வென்றார், யார் தோற்றார் என்று எழுதினார்கள். ஆண்டுகள் போகப்போக வகைகள் இருபதைத் தாண்டின. தரவரிசையை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டினார்கள். இதற்குப் போட்டிக் கொப்பரை என்றே பெயர்.

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் விடிகாலையில் ஊற்றும் பாலை அளந்து, டிகிரி பார்த்து, ஒவ்வொரு வீட்டு நோட்டிலும் எழுதித் தருவார்கள். யார் பால் கெட்டி, யார் பாலில் தண்ணீர் என்று யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை, நோட்டு சொல்லிவிடும். டோரன்ஸின் மைதானத்திலும் நோட்டுதான் பேசியது. திட்டுவது குறைந்தது. ஆண்டுக்குச் சில முறை ஒவ்வொருத்தியையும் தனியே கூப்பிட்டு எண்களை முன்னால் வைத்துப் பேசுவார்.

இதில் நான் பெரிதாக நினைப்பது இன்னொன்று. தோழியை மிஞ்சத் துடிப்பது பெண்ணுக்கு அழகில்லை என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறோம். அமெரிக்காவிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என்ற முன்கள ஆட்டக்காரி 1983-ல் வந்தபோது, பயிற்சியிலேயே இவ்வளவு ஆவேசமா என்று சக ஆட்டக்காரிகள் முறையிட்டார்கள். டோரன்ஸ் ஹைன்ரிக்ஸை அடக்கவில்லை. மற்றவர்கள் அவருடைய அளவுக்கு உயர வேண்டியதாயிற்று. 1991-ல் சீனாவில் முதல் பெண்கள் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றபோது பயிற்சியாளர் டோரன்ஸ், தலைவி ஹைன்ரிக்ஸ். 18 பேரில் 9 பேர் அந்த ஒரே பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள்.

ஆனால் ஒரே ஆளின் கையில் இவ்வளவு அதிகாரம் சேர்வதில் ஆபத்தும் இருக்கிறது. 1998-ல் அணியின் முன்னாள் ஆட்டக்காரிகள் இருவர், தங்கள் அந்தரங்க வாழ்க்கை பற்றி டோரன்ஸ் தகாத பேச்சுப் பேசினார் என்று வழக்குத் தொடுத்தார்கள். தொல்லை கொடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். வழக்குகள் 2004-லும் 2008-லும் சமரசத்தில் முடிந்தன, அவர் மன்னிப்பும் கேட்டார். 2022-ல் வெளியான ஒரு விசாரணை அறிக்கை, அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைப் போட்டிகளில் பயிற்சியாளர்களின் அத்துமீறல் பரவலாக இருந்ததைச் சொன்னது. ஆடவிடுவதும் உட்காரவைப்பதும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவரைத் தவிர வேறு யாரிடமாவது போய்ப் பேச அந்தப் பெண்ணுக்கு வழி இருக்க வேண்டும். ஒரு குழுவாக நியமிப்பதன் பயன் இதிலும் உண்டு.

டிரெய்னரையும் பலர் கண்டுகொள்வதில்லை. முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் அறுவது கால்பந்து ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆட்டத்துக்கு முன் முறையாகச் செய்யும் துள்ளல், தரையிறங்கல் பயிற்சிகள் அதைக் கணிசமாகக் குறைக்கின்றன. காயம்பட்டவள் எப்போது திரும்ப ஆடலாம் என்பதை மருத்துவரும் டிரெய்னரும் முடிவு செய்ய வேண்டும். அடுத்த ஆட்டத்தை ஜெயித்தாக வேண்டிய பயிற்சியாளர் முடிவு செய்யக் கூடாது. சம்பளத்தை மிச்சப்படுத்தக் கல்லூரிகள் முதலில் இந்த இடத்தில் கைவைத்தால், அந்தப் பணம் பிள்ளைகளின் முழங்காலிலிருந்து எடுத்த பணம்.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. 1972-ல், கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வந்தபோது அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். சட்டத்தால் அணிகள் பெருகின, சம்பளம் கூடியது, ஆண்கள் வந்தார்கள். இப்போது பாதிக்கும் குறைவான அணிகளில்தான் பெண்கள். பழைய அணியில் நாற்காலி காலியாவது அபூர்வம். புதிய அணியிலோ எல்லா நாற்காலியும் காலி.

அப்படி ஒரு நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஜில் எல்லிஸ் இருக்கிறார். தொழில்நுட்ப எழுத்தாளராக நல்ல வேலையில் இருந்தவரை 1994-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு உதவிப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டவர் அந்த ஹைன்ரிக்ஸ்தான். சொற்பச் சம்பளம். 1997-ல் இல்லினாய் பல்கலைக்கழகம் பெண்கள் கால்பந்து அணியைப் புதிதாகத் தொடங்கியபோது எல்லிஸ் அதன் முதல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவருடைய பயிற்சியில் அமெரிக்கப் பெண்கள் 2015-லும் 2019-லும் உலகக் கோப்பை வென்றார்கள். அவருக்கு முன் இரண்டு உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளர் ஒருவர்தான்: 1934, 1938-ல் ஆண்கள் கோப்பையை வென்ற இத்தாலியின் விட்டோரியோ போஸோ.