ஒரு வன்தட்டு போனாலும் கோப்பு போகாது

கரங்கானுக்கு அருகிலுள்ள கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அங்குள்ள ஃபுஜி எலக்ட்ரிக் தொழிற்சாலை, வன்தட்டுக்குள் சுழலும் பளபளப்பான அலுமினியத் தகடுகளைத் தயாரித்து வந்திருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தகடு என்றாவது பழுதாகும். என்று என்பதுதான் தெரியாது!

1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெரிய வன்தட்டுக்குப் பதிலாக, மலிவான பல வன்தட்டுகளை ஒன்றுசேர்த்து இயக்கலாம் என்றனர். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'ரெய்டு'.

உங்கள் இடைநிலைப்பள்ளிக்கு 4 டெராபைட் வன்தட்டுகள் நான்கு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ரெய்டு 0, கோப்பைத் துண்டுகளாக்கி நான்கிலும் ஒரே நேரத்தில் எழுதும். நல்ல வேகம், 16 டெராபைட்டும் கைக்கு வரும். ஆனால் ஒன்று போனால் எல்லாம் போச்சு. பள்ளிக் கோப்புகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ரெய்டு 5 கணக்குப் போட்டுக் காப்பாற்றுகிறது. மூன்று வன்தட்டுகளில் 1, 0, 0 என்று இருந்தால், 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி நான்காவதில் ஒரு 1 எழுதப்படும். இப்போது முதல் வன்தட்டு பழுதாகிவிட்டது. மிச்சம் 0, 0, 1. ஒரே ஒரு 1தான் இருக்கிறது. ஆகவே தொலைந்ததும் 1தான்! (உண்மையில் இந்தக் காவல் இலக்கங்கள் நான்கு வன்தட்டுகளிலும் பரவலாக வைக்கப்படும்.) 12 டெராபைட் கிடைக்கும்.

இதற்கு விலை உண்டு. சிறு மாற்றம் செய்தாலும் பழைய தரவு, பழைய காவல் இலக்கம் இரண்டையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஆக நான்கு வேலை. அதைவிடப் பெரிய ஆபத்து பிறகுதான் வருகிறது. பழுதான வன்தட்டுக்குப் பதில் புதியது பொருத்தி, விநாடிக்கு 150 மெகாபைட் வீதம் நிரப்பினாலும் ஏறத்தாழ ஏழரை மணி நேரமாகும். அதற்குள் இன்னொன்று பழுதானால் அவ்வளவுதான்.

ரெய்டு 6இல் காவல் இலக்கம் இரண்டு மடங்கு. எந்த இரண்டு வன்தட்டு போனாலும் தாங்கும். ரெய்டு 10 வன்தட்டுகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒன்றின் நகலை மற்றதில் வைக்கும். எழுத இரண்டே வேலை. ஒன்று போனபின் அதன் ஜோடியும் போனால் மட்டுமே இழப்பு. இரண்டிலும் கிடைப்பது 8 டெராபைட்தான்.

ஆனால் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், எந்த ரெய்டும் அதைக் கீழ்ப்படிந்து அழித்துவிடும். வேறு கட்டடத்தில் தனிப் பிரதி ஒன்று இருக்க வேண்டும். அது இருந்தால், விளையாட்டுப் போட்டிப் படங்களுக்கும் காணொளிகளுக்கும் ரெய்டு 6 போடலாம். நாள் முழுதும் மாறிக்கொண்டிருக்கும் வருகைப் பதிவுக்கு என் தேர்வு ரெய்டு 10.