50 வயது வேன் வீட்டுக்கு மறுபிறவி!

ஊருக்குக் கிளம்பும்போது, 'கட்டிலை எடுத்துக்கோ, அடுப்பை எடுத்துக்கோ, அப்படியே தண்ணீர்க் குழாயையும் கழற்றி எடுத்துக்கோ' என்று யாராவது சொன்னால், விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்தானே! ஆனால், இதையெல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டி ஒன்று உண்டு குட்டீஸ். அதன் பெயர் மோட்டார் ஹோம். அதாவது, சக்கரத்தில் ஓடும் வீடு!

பஸ் அளவுக்குப் பெரிய மோட்டார் ஹோம்களும் உண்டு. வேன் அளவே உள்ள குட்டி மோட்டார் ஹோம்களும் உண்டு. குட்டி வகையில் உலகப் புகழ் பெற்றது, ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கேம்பர் வேன். உருண்டை முகம், இரண்டு பெரிய கண் போல விளக்குகள், மேலே தூக்கினால் எழும் கூரை... படத்தில் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

1970களில் செய்த இந்த வேன்களுக்கு இப்போது ஏறக்குறைய 50 வயது. ஜெர்மனி, இங்கிலாந்து போன்ற நாடுகளில் இந்தத் தாத்தா வேன்களைத் தேடிப் பிடித்து வாங்கி, பழுது பார்த்து, மீண்டும் சாலையில் ஓட்டுகின்றனர். அது எப்படி? வாருங்கள், நாமும் சட்டைக் கையை மடித்துவிட்டு, பட்டறைக்குள் நுழைந்து பார்ப்போம்!

நோட்டுப் புத்தகத்தில் பிறந்த வேன்

முதலில், இந்த வேன் பிறந்த கதை.

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கார் வியாபாரி, பென் பான். இவர் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் நகரில் உள்ள வோக்ஸ்வேகன் தொழிற்சாலைக்குப் போயிருந்தபோது, ஒரு விசித்திர வண்டியைப் பார்த்தார். பீட்டில் காரின் அடிப்பாகத்தில் பலகை அடித்து, தொழிற்சாலைக்குள் சாமான் ஏற்றிச் செல்லும் தட்டு வண்டி அது. 'இதையே மூடி, வேனாகச் செய்தால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. 1947ம் ஆண்டு ஏப்ரல் 23ம் தேதி, தன் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் ஒரு குட்டிப் படம் வரைந்தார். பெட்டி போன்ற உடல், முன்னால் டிரைவர், பின்னால் இன்ஜின், நடுவில் சாமான். அவ்வளவுதான்!

1950 மார்ச் மாதம் வேன் தயாரிப்பு தொடங்கியது. அதன் இன்ஜினுக்கு வெறும் 25 குதிரைத் திறன்தான். அடுத்த ஆண்டே, வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம், 'கேம்பிங் பாக்ஸ்' என்ற பெட்டியைச் செய்தது. வாரநாளில் சாமான் ஏற்றும் வேன். விடுமுறையில் இந்தப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டால், படுக்கை உள்ள வீடு! திரும்பி வந்ததும் பெட்டியைக் கழற்றி வைத்துவிடலாம். இந்தக் 'கழற்றும்' யோசனையை நினைவில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

1967ல் முன் கண்ணாடி ஒரே துண்டாக வளைந்த இரண்டாம் தலைமுறை வேன் வந்தது. ஜெர்மனியில் இது 1979 வரை தயாரானது. பிரேசிலில் 2013ம் ஆண்டு முடிவு வரை செய்துகொண்டே இருந்தனர் என்றால் பாருங்களேன்!

காந்தம் சொல்லும் ரகசியம்

இப்போது உங்கள் முன்னால் ஒரு பழைய வேன் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று ஆரஞ்சு நிறப் பெயின்ட். உள்ளே பூப்போட்ட திரை. 'ஆஹா, சூப்பர் வண்டி!' என்று குதிக்கிறீர்கள்.

பொறுங்கள்! அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பெயின்டைப் பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுப்பார். வண்டியின் உடம்பு முழுவதும் அதை வைத்து வைத்துப் பார்ப்பார். ஏன் தெரியுமா?

வேனின் உடம்பு இரும்புத் தகடு. காந்தம் 'டக்' என்று ஒட்ட வேண்டும். ஓர் இடத்தில் ஒட்டாமல் நழுவினால், அங்கே தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, அதைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருக்கின்றனர் என்று அர்த்தம். பட்டியில் காந்தம் ஒட்டாதே!

சக்கரத்துக்கு மேலே வளைந்த பகுதி, கதவுக்குக் கீழ் விளிம்பு, பேட்டரி வைக்கும் தட்டு, முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அடியில்... இவைதான் துரு ஒளிந்திருக்கும் இடங்கள். இந்த வேனில் உடம்பும் சட்டமும் சேர்ந்து ஒன்றாகவே எடையைத் தாங்குகின்றன. எனவே துரு என்பது வெறும் அசிங்கம் அல்ல. எலும்பில் விழுந்த ஓட்டை! துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். வண்டியைச் சீரமைப்பதில் நேரமும் பணமும் அதிகம் விழுங்குவது இந்த வேலைதான்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்!

'இன்ஜின் ஓடுகிறதா?' என்பதுதானே நம் முதல் கேள்வி? மெக்கானிக்கின் முதல் கேள்வி வேறு: 'வண்டி நிற்கிறதா?'

வேனில் நீங்கள் பிரேக்கை மிதித்தால், ஒரு திரவம் குழாய் வழியாக அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த திரவம், பிரேக் சூடாகும்போது உள்ளேயே கொதித்து ஆவியாகும். அப்போது மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. மலைச் சாலையில் இறங்கும்போது இப்படி ஆனால் என்ன ஆகும்? அதனால் திரவம், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவர்.

அடுத்தது டயர். 'பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றன, டயர் நல்ல டயர்' என்று நினைக்காதீர்கள். ஓடாமல் நின்ற வண்டியின் டயர் தேயாது. ஆனால், ரப்பருக்கு வயதாகி வெடிப்பு விடும்.

வெப்பக் காற்றும் விஷக் காற்றும்

இந்த வேனின் இன்ஜின் பின்னால் இருக்கிறது. அதில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது! ஒரு மின்விசிறி போன்ற சக்கரம் காற்றை அடித்து இன்ஜினைக் குளிர வைக்கிறது. இன்ஜினைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்கும். கீழேயுள்ள சூடான காற்று மேலே வராமல் தடுப்பது இதன் வேலை. 'இந்தப் பழைய ரப்பர் எதற்கு?' என்று யாராவது பிடுங்கிப் போட்டுவிட்டால், இன்ஜின் தான் விட்ட சூட்டைத் தானே மீண்டும் இழுத்து, வெந்து போகும்!

பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களும் இங்கேதான். வயதான ரப்பர் வெடித்து, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால்... தீ! இந்த வேன்கள் பலவற்றில் இன்ஜின் கூடு, மெக்னீசியம் கலந்த உலோகம். பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசியம் நாடாவை எரித்துக் காட்டும்போது, கண் கூசும் வெளிச்சம் வருமே... அதே மெக்னீசியம்தான். அது எரியத் தொடங்கினால், தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மோசமாகும்.

இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. எத்தனால், பழைய வகை ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். எனவே எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களைப் போடுவது, ஒரு முழு வண்டியையே காப்பாற்றும் வேலை!

இன்னோர் ஆபத்து கண்ணுக்கே தெரியாது. குளிர் நாடுகளில் வேனுக்குள் சூடு வேண்டுமல்லவா? இந்த வேனில், புகைக் குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்றைச் செலுத்தி, சூடாக்கி உள்ளே அனுப்புவர். புகைக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால், சூடான காற்றோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே இறந்து போகலாம். அதனால் இந்தப் பாகத்தைச் சோதிப்பதுடன், வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியும் மாட்டுவர்.

இப்போதுதான் வீட்டு வேலை!

உடம்பு, பிரேக், டயர், இன்ஜின் எல்லாம் சரி. இனி ஜாலியான பகுதி!

பின் சீட்டை இழுத்து மடித்தால் படுக்கையாகும். இங்கிலாந்தில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? 'ராக் அண்ட் ரோல் பெட்!' கூரையை மேலே தூக்கினால், பெரியவர்கள் நிமிர்ந்து நிற்கலாம். கூரையையும் வேனையும் இணைக்கும் கித்தான் துணி கிழிந்திருந்தால், மழை உள்ளே வரும்; அதைப் புதிதாகத் தைத்து மாட்டுவர். பழைய வெஸ்ட்ஃபாலியா வேன்களில், முன் சீட்டுகளுக்கு மேலே, கம்புகளில் மாட்டும் துணித் தொட்டில் ஒன்றும் உண்டு. அது குட்டிப் பிள்ளைகளுக்கான படுக்கை!

காஸ் அடுப்பு: சமையல் காஸ், காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் வைக்கும் அலமாரியின் அடியில், வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம் வேண்டும். 'குளிர் வருகிறதே' என்று அதை அடைப்பது பெரிய தப்பு!

மின்சாரம்: இரவெல்லாம் விளக்கு எரிந்தால், காலையில் பேட்டரி காலி, வண்டி கிளம்பாது. அதனால் வீட்டுக்கென்று இரண்டாவது பேட்டரி வைக்கின்றனர். வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும். இன்ஜின் நின்றதும், நடுவிலுள்ள ஒரு ரிலே இரண்டையும் பிரித்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோமா? 10 வாட் பழைய பல்பு நான்கு, 5 மணி நேரம் எரிந்தால், 10 x 4 x 5 = 200 வாட் மணி. அதே இடத்தில் 2 வாட் எல்.இ.டி., பல்பு போட்டால்? 2 x 4 x 5 = 40 வாட் மணிதான்! ஐந்தில் ஒரு பங்கு. பல்பை மாற்றினாலே, பெரிய பேட்டரி தேவையில்லை.

எடை: ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ. 40 லிட்டர் தொட்டி என்றால் 40 கிலோ. கனமான மர அலமாரி, பெரிய பிரிட்ஜ், கூரையில் சைக்கிள்... ஆசைப்பட்டதையெல்லாம் ஏற்றினால், பாவம், தாத்தா வேன் மூச்சு வாங்கும், பிரேக்கும் திணறும். கனமான பொருளைக் கீழேயும், இரு பக்கமும் சமமாகவும் வைக்க வேண்டும். மேலே வைத்தால், திருப்பத்தில் வண்டி சாயும். முக்கியமாக, வண்டி ஓடும்போது படுக்கையில் யாரும் படுக்கக் கூடாது. சீட்டில் அமர்ந்து, பெல்ட் போட வேண்டும்!

மாற்றலாமா, கூடாதா?

ஜெர்மனியில் 30 வயது கடந்து, பழைய நிலையிலேயே நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டிக்கு, 'எச்' என்ற எழுத்துடன் தனி நம்பர் பிளேட் கொடுக்கின்றனர். இது 1997ல் வந்த ஏற்பாடு. கண்டபடி மாற்றிய வண்டிக்கு இது கிடைக்காது.

இங்கிலாந்தில் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யாத, 40 வயது கடந்த வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. 'அப்பாடா' என்கிறீர்களா? அப்படியல்ல. சோதிக்க யாரும் வர மாட்டார்கள் என்றால், சோதிக்கும் பொறுப்பு முழுவதும் வண்டிக்காரருக்கே என்று அர்த்தம்!

மறுபக்கம், மாற்றத்துக்கு எல்லையே இல்லை. 2020ம் ஆண்டு வோக்ஸ்வேகன் நிறுவனமே, 1966ல் செய்த ஒரு வேனை எடுத்து, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மின்சார மோட்டாரைப் பொருத்திக் காட்டியது. 44 குதிரைத் திறன் இருந்த இடத்தில் 83! ஒருமுறை சார்ஜ் செய்தால் 200 கி.மீ.,க்கு மேல் ஓடும்.

அப்படியானால் எது சரி? இங்கேதான் அந்த 1951ம் ஆண்டு 'கேம்பிங் பாக்ஸ்' நினைவுக்கு வர வேண்டும். வேனின் உடம்பில் புதிதாக ஓட்டை போடாமல், வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றும்படி செய்த மாற்றம் நல்ல மாற்றம். கழற்றிய பழைய பாகங்களுக்குச் சீட்டு எழுதி, பெட்டியில் பத்திரமாக வைப்பவரும் உண்டு. நாளை அந்த வேனை வாங்குபவர், விரும்பினால் அதைப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாமே!

மொத்தத்தில் வரிசை இதுதான் குட்டீஸ்: முதலில் உயிர், பிறகு வசதி, கடைசியில் அழகு. இதைத் தலைகீழாகச் செய்பவரின் வண்டி, புகைப்படத்தில் மட்டும்தான் அழகாக ஓடும்!

நீங்களும் செய்து பாருங்கள்!

* வீட்டிலுள்ள பைக் அல்லது கார் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். தயாரிப்புக் குறியீட்டின் கடைசியில், நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால், 2019ம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். உங்கள் வீட்டு டயருக்கு என்ன வயது? கண்டுபிடித்து அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள்.

* மொட்டை மாடியில் சாக்பீஸால் 4.5 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலத்தில் ஒரு கட்டம் போடுங்கள். இரண்டாம் தலைமுறை வேனின் அளவு ஏறக்குறைய இதுதான். முன்னால் 1.5 மீட்டரை டிரைவருக்கு விடுங்கள். கடைசி 1 மீட்டருக்குக் கீழே இன்ஜின். அதன் மேல் படுக்கை வரலாம். மீதியில் அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் வரையுங்கள். பிறகு, வீட்டில் உள்ள அனைவரையும் உள்ளே உட்கார வையுங்கள். இடம் போதுகிறதா?

போதவில்லையென்றால், எதையாவது கழற்றுங்கள்!