தங்கவயல் கணக்கு – 14: மணிக்கட்டில் என்ன கட்டலாம்?

போன வாரம் மாரிக்குப்பம் ரயிலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கூப்பிட்டார். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். இன்றைக்கு பெங்களூரில் காசும் குரலும் பெருத்த ஆள். "அண்ணே, ஐம்பது வயசு ஆகுது. ஒரு நல்ல வாட்ச் கட்டணும். நான் உள்ள நுழைஞ்சா நாலு பேர் திரும்பிப் பார்ப்பான். அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லுங்க. தங்கத்துலயே இருக்கட்டும், நம்ம ஊரு தங்கமாச்சே!"

சாவி கொடுக்கிற பழைய எச்.எம்.டி. கட்டிக்கொண்டு திரிகிற என்னிடம் இதை ஏன் கேட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் கேள்வி பிடித்திருந்தது. தங்கவயல் தமிழனுக்கு மணிக்கட்டு விஷயத்தில் ஒரு சரித்திரமே உண்டு.

1930இல் சுரங்கத்துக்குள் இறங்குகிற தொழிலாளி ஒவ்வொருவனும் நம்பர் பொறித்த உலோகப் பட்டை ஒன்றைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. தங்கத் திருட்டைத் தடுக்கவும், யார் எந்தச் சுரங்கத்து ஆள் என்று அடையாளம் காணவும் கம்பெனிக்காரர்களுக்கு அது தேவைப்பட்டது. வடஆற்காட்டிலிருந்தும் சித்தூர் பக்கத்திலிருந்தும் வந்த ஜனங்கள், அவர்களில் பெரும்பாலோர் சேரியிலிருந்து ஜாதிக் கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள். கைதிக்கு மாட்டுகிற மாதிரி எங்களுக்கு மாட்டுவதா என்று கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மூன்று வாரம் சுரங்கங்கள் முடங்கின. பெரிய சங்கம் கிடையாது, பணபலம் கிடையாது. கடைசியில் பட்டை உத்தரவைத்தான் திரும்பப் பெற வேண்டி வந்தது.

அந்த ஊர்க்காரனின் பேரன் இன்று மணிக்கட்டில் என்ன கட்டலாம் என்று தானே யோசிக்கிறான். யோசிக்கட்டும். கொஞ்சம் நிதானமாக யோசிக்கட்டும்.

முதலில் அவர் ஆசைப்பட்ட தங்கம். தங்க வாட்சில் பெரிய மனிதர்களின் அடையாளமாக நிலைத்துவிட்டது ரோலெக்ஸின் டே-டேட். 1956இல் வந்தது. கிழமையின் பெயரை முழுசாக எழுதிக் காட்டும். அன்று முதல் இன்று வரை தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டும்தான் செய்கிறார்கள். இரும்பில் கிடையவே கிடையாது. 18 காரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு சுத்தத் தங்கம். கேஸும் செயினுமாகக் கனத்த ஒரு வாட்சில் நூறு கிராம் சுத்தத் தங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் மூன்று கிராம் தேறுவதே பெரிய பாடு. அப்படியானால் ஒரு வாட்சுக்கு 33 டன் பாறை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பாறையே கொதிக்கிற இடத்தில், கேஜில் இறங்கி வெட்டிய 33 டன். இந்தக் கணக்கு கட்டுப்படியாகாமல்தான் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுகிறவர் அந்த எடையைத் தெரிந்து கட்டினால் போதும்.

இரண்டாவது வழி, பணக்கார உலகமே இன்று வரிசையில் நிற்கிற வழி: இரும்பு. 1972இல் ஓதமார் பிகே கம்பெனி ராயல் ஓக் என்று ஒரு வாட்சை இறக்கியது. வரைந்தவர் ஜெரால்ட் ஜென்டா. எண்கோண வளையம், அதில் எட்டு திருகாணி, மறைக்காமல் வெளியே தெரிகிற மாதிரி. முழுக்க ஸ்டீல், ஆனால் விலை அன்றைய பல தங்க வாட்ச்களைவிட அதிகம். சிரித்தார்கள். நான்கு வருடம் கழித்து அதே ஜென்டா பட்டேக் ஃபிலிப்புக்கு நாட்டிலஸ் வரைந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. துணிச்சலான ஆளுக்கு எது பொருத்தம் என்று கேட்டால், மஞ்சள் மினுக்கலைவிட இந்தத் துணிச்சலுக்குத்தான் நான் மார்க் போடுவேன். ஒரே ஒரு நெருடல். நம்பர் பொறித்த இரும்புப் பட்டை வேண்டாம் என்று தாத்தா மூன்று வாரம் பட்டினி கிடந்தார். பேரன் நம்பர் பொறித்த இரும்புப் பட்டைக்கு லட்சக்கணக்கில் கொடுத்து வரிசையில் நிற்கிறான். நான் குறை சொல்லவில்லை. மாட்டிவிடுகிற கை மாறியிருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று, நம் நாட்டு மண்ணோடு சம்பந்தப்பட்டது. வெள்ளைக்கார ராணுவ ஆபீசர்கள் இங்கே போலோ ஆடும்போது அடிபட்டு வாட்ச் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்தது. அதற்காக முகத்தைத் திருப்பி உள்பக்கம் மறைத்துக்கொள்கிற மாதிரி ஜேஜர்-லெகூல்த்ர் செய்ததுதான் 1931இன் ரிவர்ஸோ. அழகான சாமான். ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிறவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வாட்சை எப்படி விற்பது?

பிராண்ட் பெயரைவிட முக்கியமான சில சங்கதிகள் உண்டு. கடைக்காரர் இவற்றைச் சொல்ல மாட்டார். சுவிட்சர்லாந்துக்காரன் வாட்ச் செய்வது முழுக்கைச் சட்டையும் கோட்டும் போடுகிறவனை மனதில் வைத்து. கை நீட்டும்போது மட்டும் எட்டிப் பார்க்கும். நாம் அரைக்கைச் சட்டை. காலையிலிருந்து ராத்திரி வரை வாட்ச் வெட்டவெளியில்தான் இருக்கிறது. அதனால் 44, 45 மில்லிமீட்டர் டயல் நமக்குத் தேவையே இல்லை. வாட்சில் பட்டை மாட்டுகிற மேல் காதும் கீழ்க் காதும் மணிக்கட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டினால், எத்தனை லட்சம் கொடுத்திருந்தாலும் அது இரவல் வாட்ச் மாதிரிதான் தெரியும். தோல் பட்டை நம் வியர்வைக்குச் சீக்கிரமே நாறிவிடும். உலோகச் செயினோ ரப்பரோதான் தாங்கும். தங்கக் கேஸில் ரப்பர் பட்டை போடுகிற துணிச்சலை 1980இலேயே காட்டியது ஹூப்ளோ கம்பெனி.

ஹூப்ளோ என்றதும் கர்நாடகத்துக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 2016இல் காங்கிரஸ் முதல்வராக இருந்த சித்தராமையாவின் கையில் வைரம் பதித்த ஹூப்ளோ. விலை 70 லட்சம் என்று ம.ஜ.த. தலைவர் குமாரசாமி கிளப்பிவிட்டார். வேட்டி கட்டிய சோஷலிஸ்ட் கையில் இது எப்படி என்று சட்டசபையில் ரகளையே நடந்தது. துபாயில் இருக்கும் டாக்டர் நண்பர் அன்பாகக் கொடுத்தது என்று விளக்கம் சொல்லி, கடைசியில் சபாநாயகரிடம் ஒப்படைத்து அரசாங்கச் சொத்தாக்கினார். தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில், அன்றைய பா.ஜ.க. தலைவர் அண்ணாமலையின் ரஃபேல் வாட்ச். உலகத்திலேயே ஐந்நூறுதான் என்று அவர் சொன்னதும், பில் எங்கே என்று தி.மு.க. கேட்க ஆரம்பித்தது. அடுத்த ஏப்ரலில்தான் பில் வெளியே வந்தது. இரண்டு கட்சி, இரண்டு மாநிலம். இரண்டு இடத்திலும் ஜனங்கள் வாட்சின் அழகைப் பேசவில்லை, அது எப்படி வந்தது என்பதைத்தான் பேசினார்கள்.

ஆகவே நண்பருக்குச் சொன்னேன்: விலை என்ன என்று யாராவது கேட்டால் கூசாமல் சொல்ல முடிகிற வாட்சை வாங்குங்கள். அதுதான் தைரியசாலி வாட்ச். இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் பான் நம்பர் கொடுத்தாக வேண்டும். அந்தத் தொகையை ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கே அனுமதி இல்லை. பத்து லட்சத்தைத் தாண்டினால் 2025 ஏப்ரல் முதல் ஒரு சதவிகித வரியைக் கடையிலேயே பிடித்துவிடுவார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றோடு போட்ட ஒப்பந்தத்தால் 2025 அக்டோபர் முதல் சுவிஸ் வாட்ச் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைகிறது. துபாயில் யாரோ வாங்கி வருகிற 'மலிவு விலை' வாட்சுக்கு இனி அர்த்தம் குறைந்துகொண்டே போகும். பெட்டி, கார்டு, பில் மூன்றும் இல்லாத பழைய வாட்சைத் தொடவே வேண்டாம். போலிகள் இப்போது எடையிலும் சரியாக வருகின்றன.

தங்கம்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால், பக்கத்து ஓசூரைக் காட்டினேன். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், நெபுலா என்ற பெயரில் 18 காரட் தங்க வாட்ச் செய்கிறது. 2002இல் மூன்றரை மில்லிமீட்டர் கனத்தில் எட்ஜ் செய்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த கம்பெனி அது. சுவிஸ் பெயர் வாங்கித் தருகிற மரியாதை இதற்கு இன்னும் வரவில்லை என்பது உண்மை. மறுவிற்பனையில் ரோலெக்ஸ் பக்கத்தில்கூட நிற்காது, அதுவும் உண்மை. ஆனால் தங்கவயல்காரன் ஓசூரில் செய்த தங்க வாட்சைக் கட்டிக்கொண்டு நுழைந்தால், திரும்பிப் பார்க்கிற நாலு பேருக்கும் சொல்ல அவனிடம் ஒரு கதை இருக்கும்.

அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ராயல் ஓக் பக்கம்தான் சாய்கிறார் என்று நினைக்கிறேன். என் ஓட்டு நெபுலாவுக்கு.

(தொடரும்)