இங்கிலாந்தில் கமக்காரர் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

எமது கிராமங்களிலிருந்து பிள்ளைகளிடம் இங்கிலாந்து சென்று வரும் பெற்றோர் பலர். அவர்கள் கொண்டு வரும் படங்களில் லண்டன் பாலமும், மணிக்கூட்டுக் கோபுரமும், அரச மாளிகையின் வாசலும் இருக்கும். வயல் இருக்காது. அந்த நாட்டிலும் எம்மைப் போலக் கமம் செய்கிறார்களா என்று கேட்போரும் எம்மிடையே உளர்.

செய்கிறார்கள். காணியை இழந்தவர்களும், ஊரை விட்டு எழும்பியவர்களும், நிவாரணத்துக்காக வரிசையில் நின்றவர்களும் அந்த நாட்டு வரலாற்றிலும் உண்டு. லண்டனுக்கு வடக்கே கிழக்கு மிட்லண்ட்ஸ் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கு செல்லும் உல்லாசப் பயணிகள் ரொபின் ஹூட்டின் பெயரால் நொட்டிங்காம் நகரையும், சட்ஸ்வேர்த் மாளிகையையும் பார்த்துத் திரும்பி விடுகின்றனர். அவற்றுக்கு அருகிலேயே உள்ள, அதிகம் பேசப்படாத ஐந்து இடங்களை இங்கு தருகிறோம். போகக் கூடியவர்கள் போய்ப் பாருங்கள். போக முடியாதவர்களுக்கும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது.

லக்ஸ்ரன்: வேலியில்லா வயல்கள்

நொட்டிங்காம்ஷயரில் உள்ள சிறிய கிராமம் லக்ஸ்ரன். ஊரைச் சுற்றி மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என மூன்று பெருவெளிகள் உண்டு. அவற்றுக்குள் வேலி கிடையாது. கமக்காரருக்குரிய நிலம் நீளத் துண்டுகளாக மூன்று வயல்களிலும் பிரிந்து கிடக்கும். இதனால் நல்ல மண் முழுவதும் ஒருவருக்கும், கெட்ட மண் முழுவதும் இன்னொருவருக்கும் என்று போய்விடாது. ஒரு வயலில் மாரிக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது ஆறப் போடப்படும். ஆண்டுதோறும் இந்த முறை மாறி வரும்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. ஏறக்குறைய 68 இலட்சம் ஏக்கர் பொது வயலும் மேய்ச்சல் தரவையும் தனியார் வேலிக்குள் போயின. தரவையில் ஒரு மாட்டைக் கட்டி, விறகு பொறுக்கிப் பிழைத்த ஏழைகளிடம் காட்டுவதற்கு உறுதி இருக்கவில்லை. அவர்களிற் பலர் கூலிகளாயினர். பலர் நகரங்களுக்குப் போயினர். லக்ஸ்ரன் மட்டும் எப்படித் தப்பியது? அங்கிருந்த இரு பெரிய நிலவுடைமைக் குடும்பங்கள் தமக்குள் உடன்படவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

இன்றும் நவம்பர் இறுதியில் ஊர் நடுவர் குழு ஒன்று கோதுமை வயலைச் சுற்றி நடக்கும். எல்லை முளைகளை அடித்து, பொதுப் புல்தரைக்குள் உழுதவர் யார் என்று பார்க்கும். ஒரு கிழமை கழித்து ஊர் மன்று கூடித் தண்டம் விதிக்கும். எமது வயல்களில் வட்ட விதானையும் கமக்காரர் கூட்டமும் பார்த்து வந்த வேலைதான் இது. 1635இல் வரையப்பட்ட இவ்வூர் வரைபடம் துண்டு துண்டாக ஒவ்வொரு காணியையும் காட்டுகிறது. அது இன்று ஒக்ஸ்போர்ட் நூலகத்தில் உள்ளது. 1952இல் நிலம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2020இல் பழைய நிலவுடைமைக் குடும்பத்தின் எஸ்டேட்டுக்கே திரும்பியது. உடைமை கை மாறினாலும் எல்லை நடை நிற்கவில்லை.

சவுத்வெல்: ஏழைகளின் வீடு

லக்ஸ்ரனிலிருந்து அதிக தூரமில்லை சவுத்வெல் என்னும் சிறுபட்டினம். அங்குள்ள பேராலயத்தின் கற்தூண்களில் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் காட்டு இலைகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த மரத்தின் இலை என்று அடையாளம் சொல்லும் அளவுக்கு அவை உயிருள்ளவை.

ஊர்ப் புறத்தே 1824இல் கட்டப்பட்ட ஏழைகள் இல்லம் இருக்கிறது. சுமார் 158 பேருக்கு இடமுள்ள கட்டடம். இதனை முன்னின்று அமைத்தவர் ஜோன் பெச்சர் என்னும் அங்கிலிக்கன் குருவானவர். வேலையற்றவருக்கு உணவும் படுக்கையும் உண்டு. ஆனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். உதவி கேட்க வருவோர் கூச்சப்பட வேண்டும், அப்போதுதான் கேட்போர் தொகை குறையும் என்பது அதன் தத்துவம். 1834இல் வந்த வறியோர் சட்டம் இதனையே நாடு முழுவதற்கும் மாதிரியாக்கியது. 1990களின் தொடக்கம் வரை இக்கட்டடம் வீடற்ற தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் தற்காலிகத் தங்குமிடமாக இருந்தது. 2002 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. நிவாரணப் பணியில் ஈடுபடும் எம்போன்ற குருக்களும் தொண்டர்களும் அந்தப் பிரிக்கப்பட்ட முற்றங்களை ஒரு முறை நடந்து பார்ப்பது நல்லது. வயிற்றை நிரப்பி மானத்தைப் பறிக்கும் உதவியை நல்ல நோக்கத்துடனும் செய்துவிடலாம் என்பதை அவை சொல்லும்.

இதே சவுத்வெல்லில் 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்போர்ட் என்னும் சிறுமி சில அப்பிள் விதைகளை ஊன்றினாள். முளைத்ததில் ஒரு மரம் காய்த்தது. பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய இறைச்சிக்கடைக்காரர் பிராம்லியின் பெயரே பழத்துக்கும் வைக்கப்பட்டது. 1856இல் ஒரு நாற்றுமேடைக்காரர் கிளை வெட்டி ஒட்டு வைத்தார். இன்று கறிக்கும் பலகாரத்துக்கும் இங்கிலாந்தார் விரும்பும் பிராம்லி அப்பிள் மரங்கள் யாவும் அந்த ஒரே மரத்தின் ஒட்டுகளே. ஊன்றியவள் அதன் புகழை அறியாமலே கண்மூடினாள்.

பட்லியும் ஈமும்

இனி மேற்கே டார்பிஷயர் மலைப் பக்கம் செல்வோம். ஷெபீல்ட் நகருக்கும் மன்செஸ்ரருக்கும் இடையே ஓடும் புகையிரதத்தில் கிரின்டில்போர்ட் நிலையத்தில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் பட்லி சிற்றாலயம். கத்தோலிக்கக் குருத்துவம் தண்டனைக்குரியதாயிருந்த 1588இல் நிக்கொலஸ் கார்லிக், றொபேட் லட்லம் என்னும் இரு குருக்கள் இங்கே பிடிபட்டு, அதே மாதம் டார்பி நகரில் கொல்லப்பட்டனர். பின்னர் நெடுங்காலம் இக்கட்டடம் மாட்டுக் கொட்டிலாயிருந்தது. 1930களில் திருச்சபை அதனை மீட்டெடுத்தது. 1987இல் அவ்விருவரும் முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தப்பட்டனர். ஆண்டுதோறும் யூலையில் யாத்திரை நடைபெறுகிறது.

அங்கிருந்து சில மைல் தூரத்தில் ஈம் என்னும் கிராமம். 1665இல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியுடன் கொள்ளைநோயும் வந்தது. அடுத்த ஆண்டு யூனில் பங்குக் குரு வில்லியம் மொம்பெசனும், கொள்கை வேறுபாட்டால் அப்பதவியை முன்னர் இழந்திருந்த தோமஸ் ஸ்ரான்லியும் ஒன்றாக நின்று மக்களிடம் பேசினர். ஊரை விட்டு ஒருவரும் வெளியேறுவதில்லை, நோயை அயலூர்களுக்குக் கொண்டு செல்வதில்லை என்று ஊர் முடிவெடுத்தது. எல்லைக் கல்லின் குழிகளில் வினாகிரி ஊற்றி அதில் காசு வைத்தனர். அயலூரவர் உணவை வைத்துச் சென்றனர். வழிபாடு திறந்த வெளியில் நடந்தது. 14 மாதங்களில் சுமார் 260 பேர் இறந்தனர். மொம்பெசனின் மனைவியும் அவர்களுள் ஒருவர். ஒரு தாய் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் எட்டு நாட்களுக்குள் தானே புதைத்தாள். அக்கல்லறைகள் ஊர்ப்புறத்து வயலில் இன்றும் உள்ளன. இறந்தோரின் பெயர்கள் அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல்களில் எழுதப்பட்டிருக்கின்றன.

டேர்வென்ற்: நீருக்குள் போன ஊர்

அதே புகையிரதப் பாதையில் உள்ள பாம்போர்ட் நிலையத்திலிருந்து ஓரிரு மைலில் லேடிபவர் நீர்த்தேக்கம். பார்க்க மிக அழகானது. அதன் அடியில் டேர்வென்ற், அஷொப்ரன் என்னும் இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. ஷெபீல்ட், டார்பி, நொட்டிங்காம், லெஸ்ரர் நகரங்களின் குடிநீருக்காக 1935இல் அணை வேலை தொடங்கியது. மக்கள் எழுப்பப்பட்டனர், பலருக்கு அணைக்குக் கீழே புதுவீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. சேமக்காலையில் இருந்தோரைத் தோண்டியெடுத்து பாம்போர்ட்டில் அடக்கம் செய்தனர். பழைய கற்பாலம் ஒன்றைக் கல் கல்லாகக் கழற்றி ஆற்றின் மேற்பகுதியில் மீண்டும் கட்டினர். ஆலயக் கோபுரம் சில காலம் நீருக்கு மேல் தலைநீட்டி நின்றது. 1947இல் அதனையும் வெடிவைத்துத் தகர்த்தனர். 1976, 1995, 2018 போன்ற வரட்சி ஆண்டுகளில் சுவர் அத்திவாரங்கள் வெளியே தெரிந்தன. அப்போது பெருந்தொகையானோர் பார்க்க வந்தனர்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

டேர்வென்ற் மக்களுக்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லை. எம்மவர் நிலை வேறு. 1990இல் எழும்பிய வலிகாமம் வடக்கு மக்களுட் சிலர் நெடுங்காலத்தின் பின் காணிக்குத் திரும்பினர். சிலர் இன்னும் காத்திருக்கின்றனர். திரும்பியவர்கள் பலர் கண்டது வேலியற்ற, கிணறு தூர்ந்த, எல்லைக் கல் பிடுங்கப்பட்ட வெளி. எங்கே என் வளவு, எங்கே அயலவன் வளவு என்ற பிணக்குகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஆகவே லக்ஸ்ரன் வரைபடத்தைப் போல் நாமும் எமது ஊரை வரைந்து வைப்போம். ஒரு பெரிய தாளை விரித்து, முதியோரை நடுவில் இருத்தி, இளையோர் எழுதட்டும்: வயல்களின் பெயர்கள், வாய்க்கால், கிணறு, ஒழுங்கை, எல்லையில் நின்ற பனை, யார் பக்கத்தில் யார், தரவை எதுவரை. இது உறுதிக்கு ஈடாகாது. ஆனால் உறுதி தொலைந்தவருக்கு அயலவரின் ஒருமித்த சாட்சி பெரிய உதவி. உறுதி உள்ளவர்கள் அதன் பிரதிகளை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் வெளிநாட்டுப் பிள்ளைகளிடமும் ஒன்று அனுப்பி வையுங்கள்.

இந்த வேலையைப் பிந்தப் போட வேண்டாம். ஊரை மனத்தில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.